தாலிக்கு முன்னே கிரயப் பத்திரம்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டு சந்திப்பில் ஆற்றிய உரை. பேசிய நடையை அதிகம் மாற்றாமல் இங்கே தரப்படுகிறது.)



நம் சங்கச் செயலாளர் போன் செய்து, "மேடம், பேங்க்ல இத்தனை வருஷம் இருந்திருக்கீங்க, வீட்டுக் கடனைப் பத்தி ஏதாவது பேசுங்களேன்" என்று கேட்டார். "பேசறேன் ஸார். ஆனா கல்யாணம் ஆகாத ரெண்டு பேர் சேர்ந்து வீடு வாங்கறதைப் பத்தித்தான் பேசுவேன்" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "மலர்ல வேற போடணுமே மேடம்" என்றார். "தாராளமா போடுங்க" என்றேன். போடுவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு முதலில் என் நன்றி.

ஏன் இந்தத் தலைப்பு என்றால், நான் பணியிலிருந்து ஓய்வு பெறுவதற்கு முந்தைய பத்து ஆண்டுகளில் என் மேஜைக்கு வந்த கடன் விண்ணப்பங்கள்தான் காரணம். நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கணவன், மனைவி, அல்லது அப்பா, மகன். வேறு ஜோடி கிடையாது. பிறகு நிலைமை மாறியது. நிச்சயதார்த்தம் முடிந்து, கல்யாணத்துக்கு ஆறு மாதம் இருக்கும்போதே, "விலை ஏறிடும் மேடம்" என்று பிளாட் பார்க்கிறார்கள். ஒரே வீட்டில் குடியிருக்கிற இரண்டு ஆசிரியைகள், கல்யாணமே வேண்டாம் என்று இருப்பவர்கள், வயதான காலத்துக்கு ஒரு கூரை வேண்டும் என்று வருகிறார்கள். கல்யாணம் செய்யாமலே சேர்ந்து வாழ்கிறவர்கள் வருகிறார்கள். சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ளவே வழியில்லாதவர்களும் உண்டு. ஒரே பாலினத்தவர் திருமணத்தை அங்கீகரிக்க முடியாது என்று 2023 அக்டோபர் 17-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர்களுக்கும் வீடு வேண்டுமே!

இது சரியா, தப்பா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அதைச் சொல்ல ஊரில் ஆள் நிறைய இருக்கிறது. சட்டத்தின் நிலையை மட்டும் சொல்லிவிடுகிறேன். வயது வந்த இருவர் கல்யாணம் இல்லாமல் சேர்ந்து வாழ்வது குற்றம் இல்லை என்பதை, நடிகை குஷ்பு தொடர்பான வழக்கில் 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. குற்றம் இல்லை, அவ்வளவுதான். குற்றம் இல்லை என்பதும் உரிமை உண்டு என்பதும் ஒன்றல்ல. சொத்து என்று வரும்போது, எத்தனை வருஷம் ஒன்றாக இருந்திருந்தாலும், சட்டத்தின் கண்ணில் நீங்கள் இருவரும் ஒரே பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட இரண்டு அந்நியர்கள்.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். பெயர், ஊர், கம்பெனி எதுவும் சொல்ல மாட்டேன். பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை பார்த்தவர். அவரும் அவருடைய நண்பரும் 2016-ல் ஒரு பிளாட் வாங்கினார்கள். கல்யாணம் பேசி முடித்தாயிற்று. ஜாதகம், பெரியவர்கள் மனஸ்தாபம் என்று தேதி தள்ளிக்கொண்டே போனது. அந்தப் பையனுக்குச் சம்பளம் அதிகம், கடன் சுலபமாகக் கிடைக்கும் என்பதால் கிரயப் பத்திரம் அவர் பெயரில் மட்டும். இந்தப் பெண் அட்வான்ஸுக்காகத் தன் சேமிப்பிலிருந்து 9 லட்சம் ரூபாயை அவர் கணக்குக்கு மாற்றினார். அதற்குப் பிறகு மாதா மாதம் தவணையில் பாதியை, 22,000 ரூபாயை, அனுப்பிக்கொண்டிருந்தார். 2019-ல் ஒரு சாலை விபத்தில் அந்தப் பையன் இறந்துவிட்டார். கடனுக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கவில்லை. 'பிறகு பார்த்துக்கலாம்' என்று விட்டிருந்தார்கள்.

காரியம் முடிந்து பதினைந்து நாள் கழித்து அந்தப் பெண் ஒரு பைலைத் தூக்கிக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். 41 மாத ஸ்டேட்மெண்ட். ஒவ்வொரு வரியையும் மஞ்சள் பேனாவால் கோடு போட்டிருந்தார். "மேடம், பாதி நான்தான் கட்டியிருக்கேன். மீதிக் கடனையும் நானே கட்டறேன். வீட்டை என் பேருக்கு மாத்த என்ன பண்ணணும்?" என்று கேட்டார்.

நான் என்ன சொல்ல முடியும்? அவர் கடன்காரர் இல்லை, ஜாமீன்தாரர் இல்லை, வாரிசும் இல்லை. அந்தக் கடன் கணக்கில் பாக்கி எவ்வளவு என்பதைக்கூட அவரிடம் சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. அதைத்தான் சொன்னேன். இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-ன்படி, கல்யாணமாகாத ஒரு ஆண் உயில் எழுதாமல் இறந்தால் முதல் வகுப்பு வாரிசு தாயார். அப்பாகூட இரண்டாம் வகுப்புதான். அந்த வீடு முழுவதும், கடனோடு சேர்த்து, அந்த அம்மாவுக்குப் போயிற்று.

அவர் ஒரு வக்கீலையும் பார்த்தார். வக்கீல் சொன்னதை என்னிடம் வந்து சொன்னார். வீட்டில் பங்கு கேட்டால், 'என் பணத்தில் அவர் பெயரில் வாங்கினேன்' என்று சொல்ல வேண்டும். பினாமிச் சட்டம் குறுக்கே நிற்கிறது. பினாமியாக வாங்கிய சொத்தை 'நான்தான் உண்மையான உரிமையாளர்' என்று வழக்குப் போட்டு மீட்க 1988-லேயே தடை போட்டாயிற்று. சரி, 9 லட்சம் கடனாகக் கொடுத்தேன் என்று கேட்கலாமா? எழுத்து எதுவும் இல்லை. கொடுத்து மூன்று வருஷம் தாண்டிவிட்டது. காலவரையறைச் சட்டப்படி கெடு முடிந்தது. மாதா மாதம் கொடுத்த 22,000? இங்கேதான் கேளுங்கள். அந்தப் பெண் ஆபீஸில் வீட்டு வாடகைப் படிக்கு வரிச் சலுகை வாங்குவதற்காக, அந்தப் பையனை வீட்டுச் சொந்தக்காரர் என்று காட்டி வாடகை ரசீது கொடுத்து வந்திருக்கிறார். பணம் அனுப்பும்போதும் குறிப்பில் 'ரெண்ட்' என்றுதான் போட்டிருக்கிறார். தான் வாடகைக்காரி என்று 41 முறை தன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்.

அந்தப் பையனின் தாயார் நல்ல மனுஷி. சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள்; அந்த அம்மா, "அந்தப் பொண்ணு எவ்வளவு குடுத்துச்சு, அதை மட்டும் சொல்லுங்க" என்று என்னிடமே வந்து கேட்டார். நான் சொல்லக் கூடாது. வீட்டை விற்றுக் கடனை அடைத்த பிறகு, மிஞ்சியதில் 4 லட்சத்துக்குச் செக் எழுதி அந்தப் பெண்ணிடம் கொடுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். சட்டப்படி ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டியதில்லை. எல்லா அம்மாக்களும் அப்படி இருக்க மாட்டார்கள். இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவர் அவர்.

அதனால், மாணவ மாணவியரே, நான் கேட்டுக்கொள்வது இதுதான். பணம் போட்டால் பத்திரத்தில் பெயர் இருக்க வேண்டும். 'பேர் யாருதா இருந்தா என்ன' என்ற பேச்சே வேண்டாம். பினாமிச் சட்டத்தில் சில விலக்குகள் இருக்கின்றன: கணக்கில் காட்டிய பணத்தில் கணவன் மனைவி பெயரிலோ, மனைவி கணவன் பெயரிலோ, பிள்ளைகள் பெயரிலோ வாங்கலாம், உடன்பிறந்தவர், பெற்றோர் பெயரில் என்றால் உங்கள் பெயரும் சேர்ந்து இருக்க வேண்டும். கல்யாணம் ஆகாத துணைக்கு அந்த வரிசையில் இடமே இல்லை. 2016 நவம்பர் 1-ல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு தண்டனையும் கடுமை. ஒன்று முதல் ஏழு ஆண்டு வரை கடுங்காவல், சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம், சொத்தும் போய்விடும்.

"அப்புறமா பேரைச் சேர்த்துக்கலாம், பிழைத்திருத்தல் பத்திரம் போட்டா போச்சு" என்று சில தரகர்கள் சொல்வார்கள். நம்பாதீர்கள். பிழைத்திருத்தல் என்பது சர்வே எண்ணைத் தவறாக டைப் அடித்தால் போடுவது. புதிதாக ஒரு உரிமையாளரைச் சேர்க்க அது உதவாது. அதற்குத் தனிக் கிரயமோ, தானமோ வேண்டும். அதில்தான் செலவே இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

சரி, இரண்டு பெயரிலும் வாங்கிவிட்டோம். யாருக்கு எவ்வளவு பங்கு? பத்திரம் எழுதுபவர்கள் பழக்க தோஷத்தில் இரண்டு பெயரையும் போட்டுவிட்டு, பங்கைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாமல் விட்டுவிடுவார்கள். 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 45-வது பிரிவு என்ன சொல்கிறது என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், அவரவர் போட்ட பணத்தின் விகிதத்தில் பங்கு. யார் எவ்வளவு போட்டார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லையென்றால் சரிபாதி. ஆதாரம் இருக்கிறதா, இல்லையா என்பதை நிரூபிக்கத்தான் கோர்ட்டுக்கு அலைய வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். காமர்ஸ் படித்த பாவத்துக்கு இதையாவது செய்ய வேண்டாமா? 70 லட்சம் ரூபாய்க்கு ஒரு பழைய பிளாட், ஒருவரிடமிருந்து கைமாறுகிறது என்று வையுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான வீட்டுக் கடனில், வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது. ஆகவே கடன் 56 லட்சம். கையிலிருந்து 14 லட்சம். அதோடு தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், 2023 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம். 6 லட்சத்து 30 ஆயிரம். இதை வங்கி வீட்டு மதிப்பில் சேர்க்காது. மொத்தம் 20 லட்சத்து 30 ஆயிரம் கையிலிருந்து வர வேண்டும். இதில் பெண் 15 லட்சம் போடுகிறார், ஆண் 5 லட்சத்து 30 ஆயிரம். கடன் தவணை இருவருக்கும் சமம், ஆளுக்கு 28 லட்சத்துக்குப் பொறுப்பு. கூட்டினால் பெண் 43 லட்சம், ஆண் 33 லட்சத்து 30 ஆயிரம். சுமாராக 56-க்கு 44. 'பிரிபடாத 56 சதவீத பாகம், பிரிபடாத 44 சதவீத பாகம்' என்று கிரயப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். ஒரே ஒரு வரிதான். அதற்கு எந்த சப்-ரிஜிஸ்ட்ராரும் தனிக் கட்டணம் கேட்க மாட்டார்.

அட்வான்ஸ் பணம் உட்பட எல்லாமே அவரவர் கணக்கிலிருந்து நேரே விற்பவருக்குப் போகட்டும். நீங்கள் துணைவருக்குக் கொடுத்து, அவர் விற்பவருக்குக் கொடுத்தால், தடயம் நடுவில் அறுந்துவிடும். ரொக்கம் கூடவே கூடாது. வீடு, மனை விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கியவருக்கு அதே அளவு அபராதம். உண்மையிலேயே ஒருவருக்கு மற்றவர் கைமாற்றாகக் கொடுக்கிறார் என்றால் கடன் என்றே எழுதி வாங்குங்கள். மூன்று வருஷம் முடிவதற்குள் புதுப்பியுங்கள். அன்பு இருக்கிற இடத்தில் புரோநோட்டு எதற்கு என்று கேட்பார்கள். என் அனுபவத்தில், எழுதி வைத்துக்கொண்டவர்கள்தான் கடைசி வரை சிரித்த முகமாக என் பிராஞ்சுக்கு வந்தார்கள்.

வங்கி விஷயம் கொஞ்சம் சொல்ல வேண்டும். பல வங்கிகள் கூட்டுக் கடனுக்குக் கணவன் மனைவி, பெற்றோர், உடன்பிறந்தவர் என்ற வட்டத்துக்குள்தான் ஆள் தேடும். நண்பர், துணைவர் என்றால் தயங்குவார்கள். சட்டத்தில் தடை இல்லை. அந்தந்த வங்கியின் கொள்கை. ஆகவே அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் வங்கியைக் கேட்டுவிடுங்கள், பின்னால் அல்ல. கூட்டுக் கடன் கிடைத்தால், அது உங்கள் பாதி, என் பாதி என்று பிரிந்த கடன் இல்லை. 56 லட்சத்துக்கும் இருவரும் தனித்தனியே முழுப் பொறுப்பு. அவர் கட்டாமல் நின்றால் நோட்டீஸ் உங்களுக்கும் வரும், கடன் மதிப்பெண் உங்களுக்கும் குறையும். "நாங்க பிரிஞ்சுட்டோம் மேடம், என் பேரை எடுத்துடுங்க" என்று வந்து நின்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மீதமிருக்கிற ஒருவருடைய சம்பளத்தை மட்டும் வைத்து அந்தக் கடன் தாங்குமா என்று பார்த்துத்தான் வங்கி விடுவிக்கும். நீங்கள் இருவரும் தனியாக எழுதிக்கொண்ட ஒப்பந்தம் வங்கியைக் கட்டுப்படுத்தாது. இன்னொரு தலைகீழ் சங்கதி: கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கிரயப் பத்திரத்தில் பெயர் இல்லாதவர்கள். சொத்து இல்லை, கடன் மட்டும் உண்டு! இதைவிட மோசமான வியாபாரத்தை நான் பார்த்ததில்லை.

இப்போது, கேட்கவே சங்கடமாக இருக்கும் கேள்வி. பிரிந்தால்?

நான் சொன்ன இரண்டு ஆசிரியைகள் என்னிடம் வந்தபோது கையில் ஒரு நான்கு பக்க ஒப்பந்தம் இருந்தது. தாம்பரம் பக்கத்தில் ஒரு தனி வீடு. மூத்தவருக்கு 60, இளையவருக்கு 40. தவணை அந்த விகிதத்திலேயே. ஒருவர் விலக நினைத்தால் முதலில் மற்றவருக்குத்தான் எழுத்தில் சொல்ல வேண்டும். வங்கியின் அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளர் போடுகிற விலை. 180 நாள் அவகாசம். அதற்குள் மற்றவர் வாங்காவிட்டால் வீட்டை வெளியில் விற்று, கடனைக் கட்டி, மிஞ்சியதை 60-க்கு 40 பிரிக்க வேண்டும். ஒருவர் மூன்று மாதம் தவணை கட்டத் தவறினால் மற்றவர் கட்டுவது கடனாகக் கணக்கில் ஏறும், பங்கு மாறாது. பெயிண்ட், மராமத்து, பிரிட்ஜ், வாஷிங் மெஷின் வரை எழுதியிருந்தார்கள். "டீச்சர், இதுல கறிவேப்பிலைச் செடி மட்டும்தான் விட்டுப்போச்சு" என்று கேலி செய்தேன். "அது நான் வெச்சது" என்றார் இளையவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

ஆறு வருஷம் கழித்து இளையவர் தன் அம்மாவைக் கவனிக்க மதுரைக்குப் போக வேண்டி வந்தது. ஒப்பந்தத்தில் உள்ளபடி மூத்தவர் 40 சதவீதத்தை வாங்கிக்கொண்டார். சண்டை இல்லை. ஆனால் ஒரு செலவு அவர்களை உலுக்கிவிட்டது. குடும்ப உறுப்பினர்களுக்குள் விடுதலைப் பத்திரம், செட்டில்மெண்ட் என்றால் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. 2023 ஜூலையிலிருந்து அது 40,000 ரூபாய். குடும்பம் அல்லாதவர்கள் என்றால் மாறுகிற பங்கின் மதிப்பில் 7 சதவீதம், உச்சவரம்பு கிடையாது. இருபது வருஷம் ஒரே சமையலறையில் சமைத்தவர்கள் பதிவுத் துறைக்குக் குடும்பம் இல்லை. நல்லவேளை, அந்தச் செலவு ஆளுக்குப் பாதி என்று முன்பே எழுதியிருந்தார்கள்.

'விலை எதற்கு, தானமாகவே கொடுத்துவிடுகிறேன்' என்று சொல்கிற பெருந்தன்மைக்கும் வரி உண்டு. உறவினர் அல்லாதவரிடமிருந்து இலவசமாகப் பெறும் வீட்டின் முத்திரை மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால், முழு மதிப்பும் பெற்றவருடைய வருமானமாகக் கணக்கிடப்படும். வருமான வரிச் சட்டத்தின் உறவினர் பட்டியலில் கணவன் மனைவி உண்டு, துணைவர் இல்லை. ஆகவே நிச்சயம் முடிந்து கல்யாணத்துக்குக் காத்திருப்பவர்களுக்கு ஒரு யோசனை: இப்போது அவரவர் போட்ட பணத்துக்குத் தக்கபடி பத்திரத்தில் பங்கு போடுங்கள். அன்பளிப்பாகக் கூட்டிக் குறைப்பதையெல்லாம் தாலி கட்டிய பிறகு செய்யுங்கள். அதே காரியம், செலவு சொற்பம். கடன் இருந்தால் வங்கியின் சம்மதம் வேண்டும்.

ஒப்பந்தம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? இருவரில் யார் வேண்டுமானாலும் பாகப்பிரிவினை வழக்குப் போடலாம். இரண்டு படுக்கையறை பிளாட்டைக் குறுக்கே சுவர் வைத்துப் பிரிக்க முடியாது. 1893-ம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டப்படி, பாதியோ அதற்கு மேலோ பங்குள்ளவர்கள் கேட்டால் கோர்ட் விற்பனைக்கு உத்தரவிடலாம். மற்றவர் மதிப்பீட்டு விலைக்குத் தானே வாங்கிக்கொள்ளவும் கேட்கலாம். அது வரைக்கும் தவணை ஓடிக்கொண்டிருக்கும். இன்னொன்று. உங்கள் இணை உரிமையாளர் தன் பங்கை மட்டும் மூன்றாம் மனிதருக்கு விற்கலாம். கூட்டுக் குடும்பம் குடியிருக்கும் வீடு என்றால், அந்த அந்நியர் உள்ளே வந்து சேர்ந்து குடியிருக்க உரிமை கேட்க முடியாது. அந்தப் பாதுகாப்பு குடும்பத்துக்குத்தான். இரண்டு நண்பர்களுக்கு அது கிடைக்காது.

ஒப்பந்தம் எழுதும்போது ஒரு ஜாக்கிரதை. 'நாங்கள் சேர்ந்து வாழ்வதை முன்னிட்டு' என்றெல்லாம் முன்னுரை வேண்டாம். ஒழுக்கத்துக்கு விரோதமான நோக்கம் கொண்ட ஒப்பந்தம் செல்லாது என்று 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தில் 23-வது பிரிவு இருக்கிறது. அந்தக் கதவை எதிர்த் தரப்பு வக்கீலுக்கு ஏன் திறந்து வைக்க வேண்டும்? இரண்டு இணை உரிமையாளர்களுக்கு இடையே பணம், பங்கு, விலகல் பற்றிய ஏற்பாடு என்று மட்டும் இருக்கட்டும். பங்கை உண்டாக்குகிற வரி கிரயப் பத்திரத்தில் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டுமா என்பதை அதன் வாசகத்தைப் பார்த்து வக்கீல் சொல்வார். அவருக்குக் கொடுக்கிற பீஸை மிச்சம் பிடிக்காதீர்கள்.

பெண்களுக்குச் சட்டத்தில் ஒரு பிடிமானம் உண்டு. 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 'திருமணம் போன்ற உறவில்' இருந்த பெண்ணையும் காக்கிறது. சேர்ந்து வாழ்ந்த வீட்டிலிருந்து அடித்துத் துரத்த முடியாது. அந்த உறவு எது என்பதை நம் கோயம்புத்தூர் குடும்ப நீதிமன்றத்திலிருந்து போன ஒரு வழக்கில்தான் 2010 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. இருவரும் கல்யாண வயதை அடைந்து, சட்டப்படி கல்யாணம் செய்யத் தகுதியோடு இருக்க வேண்டும். தாங்களாக விரும்பிக் கணிசமான காலம் சேர்ந்து வாழ்ந்து, ஊருக்குக் கணவன் மனைவி போலத் தெரிந்திருக்க வேண்டும். ஏற்கெனவே மனைவி உள்ளவரோடு, அது தெரிந்தே வாழ்ந்தால் இது கிடைக்காது என்று 2013-ல் இன்னொரு தீர்ப்பு. இந்தச் சட்டம் தருவது குடியிருக்கும் பாதுகாப்பு. பட்டாவில் பெயரை ஏற்றித் தராது.

கடைசியாக உயில். இதைச் சொன்னால் இளைஞர்கள் சிரிப்பார்கள். "மேடம், எனக்கு இருபத்தெட்டு வயசு." சாலையில் போன அந்தப் பையனுக்கு முப்பத்தொன்று.

எல்லோரும் ஒரு தவறான எண்ணத்தில் இருக்கிறார்கள். பேங்கில் ஜாயின்ட் கணக்கு ஆரம்பித்து, 'எய்தர் ஆர் சர்வைவர்' என்று டிக் அடித்துப் பழக்கம் அல்லவா? வீடும் அப்படித்தான், ஒருவர் போனால் மற்றவருக்குத் தானாக வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். வராது. இரண்டு பெயரில் பத்திரம் இருந்தால், இறந்தவருடைய பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போகும். நாளைக்கு நீங்கள் அவருடைய அம்மாவோடோ, அண்ணனோடோ அந்த வீட்டுக்கு இணை உரிமையாளர். சொசைட்டியில் நாமினேஷன் போட்டிருக்கிறேன் என்பீர்கள். நாமினி என்பவர் வாங்கி வைத்துக்கொள்பவர், உரிமையாளர் அல்ல. இன்ஷூரன்ஸ் பணத்தைப் பற்றி 1983-லேயே உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது.

உயிலுக்கு ஸ்டாம்ப் பேப்பர் வேண்டாம். வெள்ளைத் தாள் போதும். இரண்டு சாட்சிகள், உயிலில் பயன் பெறாதவர்கள், கையெழுத்துப் போட வேண்டும். பதிவு கட்டாயமில்லை, ஆனால் உங்கள் வீட்டார் எதிர்ப்பார்கள் என்று தெரிந்தால் பதிவு செய்துவிடுங்கள். உயிலின் மூலம் வருகிற சொத்துக்கு, பெறுபவர் உறவினராக இல்லாவிட்டாலும் நான் முன்னே சொன்ன அந்த 50,000 ரூபாய் வருமான வரி கிடையாது. இருவரும் ஒருவருக்கொருவர் தனித்தனியே எழுதுங்கள். கிறிஸ்தவ நண்பர்கள் கவனிக்க: கல்யாணம் செய்துகொண்டால் முன்பு எழுதிய உயில் ரத்தாகிவிடும், அதே நபரைக் கல்யாணம் செய்தாலும்கூட. மறுபடி எழுத வேண்டும். இந்துக்களுக்கு அப்படி ரத்தாகாது. முஸ்லிம் நண்பர்கள், வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது என்பதால், கிரயப் பத்திரத்திலேயே பங்கைச் சரியாக அமைத்துக்கொள்வது நல்லது. கடனுக்கு ஆளுக்கொரு இன்ஷூரன்ஸும் எடுத்துவிடுங்கள்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். சாப்பாடு தயாராகிவிட்டது என்று நினைக்கிறேன். நம் காலத்து மெஸ் சாம்பார் வாசனை மாறவில்லை. சாப்பிட்ட பிறகு நான் மூன்று மணி வரைக்கும் லைப்ரரி வராந்தாவில் இருப்பேன். பத்திர நகல் வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள், பார்த்துச் சொல்கிறேன். ஒரிஜினல் வேண்டாம், ஜெராக்ஸ் போதும். இருவருமாகச் சேர்ந்து வந்தால் இன்னும் நல்லது.